உள்ளே விட்ட துணி

பிப்ரவரி 3

தம்பிக்கு,

உன் பேன்ட் மூன்றும் வந்து சேர்ந்தன. பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே உன் அத்தான், "இடுப்பைப் பெரிசாக்கணுமாம், வேறென்ன" என்று சொல்லிவிட்டார். கடிதம் வலது பாக்கெட்டில், வழக்கம்போல கிரீஸ் கறையோடு இருந்தது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு மாடிப்படி ஏறுகிற பழக்கமே விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது. வருஷா வருஷம் உன் பேன்ட் இடுப்பைப் பிரித்து விடுவது என் தையல் கடையில் ஒரு தனிப் பிரிவாகிவிட்டது.

உன் ஊரில் தையல்காரரே இல்லையா என்று கேட்க வாய் வருகிறது. கேட்க மாட்டேன். கேட்டால் ரோஷப்பட்டு வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவாய், அப்புறம் இந்தக் கடிதமும் நின்றுவிடும். போனில் பேசினால்தான் ஐந்தாவது நிமிஷம் சண்டை வந்து இரண்டு பேரில் ஒருவர் வைத்துவிடுகிறோமே. கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது.

இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. பஸ் ஓட்டுகிறவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் வேறென்ன வரும்? எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். எடை மிஷின் ஒன்று வாங்கிச் சமையலறை வாசலில் போட்டிருக்கிறோம். காலையில் அவர் அதில் ஏறி, இறங்கி, பெருமூச்சு விட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறுவதைப் பார்க்க வேண்டுமே. இப்போது வீட்டில் வேறு பேச்சே இல்லை. எதில் கொழுப்பு, எதில் சர்க்கரை, இதுதான் பேச்சு.

பெரிய விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நீ உருண்டை என்று கூப்பிடுகிற உன் மருமகள் இப்போது உருண்டையே இல்லை. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயக் குழுவில் சேர்ந்தாள் என்று எழுதினேன் அல்லவா, போன மாதம் முதலாவதாக வந்தாள். சேர்ந்த புதிதிலேயே கோச் அம்மா, இன்னும் கொஞ்சம் லேசானால் இன்னும் வேகமாக ஓடலாம் என்று சொன்னாராம். அன்றிலிருந்து இவளுக்கு இருக்கிற கட்டுப்பாட்டைப் பார்த்து அத்தான் வெட்கப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கேக் செய்து கொடுத்தாள், மேலே பழம் அடுக்கி, கடையில் வாங்கியதுபோல. தான் ஒரு வாய் தொடவில்லை. படிப்பிலும் அப்படித்தான், ஒரு மார்க் குறைந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.

யூனிபார்ம் ஸ்கர்ட்டை இந்தப் பள்ளி வருஷத்தில் மூன்றாவது தடவையாக இடுப்பில் பிடித்துச் சின்னதாக்கித் தைத்துக் கொடுத்திருக்கிறேன். கடைக்கு வருகிற பெண்கள், உங்கள் மகள் என்ன சாப்பிடுகிறாள், எங்களுக்கும் சொல்லுங்களேன் என்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை போ. மத்தியான வெயிலில்கூட ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்பதுதான் ஒரே குறை. அப்புறம், உருண்டை என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் திரும்பியே பார்ப்பதில்லை. பெரிய மனுஷி என்று நினைப்பு.

பேன்ட்டில் எப்போதும்போல உள்ளே துணி விட்டிருக்கிறேன். அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

பேன்ட் மூன்றும் கச்சிதம். நன்றி சொன்னால் திட்டுவாய், அதனால் சொல்லவில்லை. இந்தப் பார்சலில் என் மழை ஜாக்கெட்டை வைத்திருக்கிறேன். கை மடிப்பு பிரிந்துவிட்டது, அவசரமில்லை.

உன் கடிதத்தை லிஃப்ட் மிஷின் ரூமில் உட்கார்ந்து படித்தேன். பதினோரு மாடிக் கட்டிடத்தின் மொட்டைமாடியில் இருக்கிற ஒரு சின்ன அறை. அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறுகிற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு கீழே வந்து, மறுபடி மேலே போய், இன்னொரு தடவை படித்தேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

கோபப்படாமல் படி. நீயே எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய், வளர்கிற பிள்ளைகளின் துணியை வருஷா வருஷம் பிரித்துத்தான் விடுவோம் என்று. பதினைந்து வயசுப் பிள்ளையின் ஸ்கர்ட்டை ஒரே வருஷத்தில் மூன்று தடவை பிடித்திருக்கிறாய். அது ஒன்றை மட்டும் நீ எழுதியிருந்தால் நான் விட்டிருப்பேன். ஆனால் வெயிலில் ஸ்வெட்டர், எல்லோருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் இருப்பது, ஒரு மார்க்குக்கு இரண்டு நாள் வருத்தம் என்று எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறாய். லிஃப்ட் நின்ற பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அது நிற்பதற்குப் பல நாள் முன்பே சின்னதாகச் சத்தம் போட ஆரம்பித்திருக்கும். தினமும் அதில் போகிறவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிவிடும்.

கொஞ்சம் கவனித்துப் பார் அக்கா. தட்டில் இருப்பது வாய்க்குப் போகிறதா, தட்டுக்குள்ளேயே இடம் மாறுகிறதா? பள்ளியில் சாப்பிட்டுவிட்டேன் என்று எத்தனை நாள் சொல்கிறாள்? எடை மிஷினில் அத்தான் ஏறுவது தெரிகிறது, அவள் எத்தனை தடவை ஏறுகிறாள்? சீப்பில் முடி அதிகமாக வருகிறதா? பழைய தோழிகள் இன்னும் வீட்டுக்கு வருகிறார்களா? உடம்பு சரியில்லாத நாளில்கூட ஓடப் போகிறாளா?

இதில் ஒன்றும் இல்லையென்றால் என்னைத் திட்டி நாலு பக்கம் எழுது, சந்தோஷமாகப் படிக்கிறேன்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

நாலு பக்கம் எழுத எனக்கு நேரமில்லை.

என் பிள்ளைக்கு நோய் என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? ஊரே மெச்சுகிற பிள்ளை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறாள், முதல் ரேங்க் வாங்குகிறாள், என்னிடம் இதுவரை ஒரு சாக்லேட்கூட வாங்கித் தரக் கேட்டதில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளை கிடைக்குமா? அத்தானிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "வயசுப் பொண்ணு, இளைக்கத்தான் செய்யும்" என்றார். அவளிடமும் கேட்டேன். பத்துப் பேருக்கு முன்னால் அவமானப்படுத்தியதுபோலக் கத்தினாள். கதவை அடைத்துக்கொண்டாள். உன்னால் எங்களுக்குள் இல்லாத சண்டை.

நீ லிஃப்டைப் பார். கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை, தனி அறையில் உட்கார்ந்துகொண்டு பிள்ளை வளர்க்கச் சொல்லிக் கொடுக்காதே.

ஜாக்கெட்டைத் தைக்கவில்லை. அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

ஜாக்கெட் வந்தது. கை மடிப்பைத் தைக்கவில்லை, ஆனால் அறுந்துபோகவிருந்த பட்டனை மட்டும் தைத்திருக்கிறாய். கோபத்திலும் உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பிள்ளை இல்லைதான். நீ எழுதியதில் தப்பில்லை. ஆனால் நான் பிள்ளை வளர்த்தவனாக எழுதவில்லை, அந்தப் பிள்ளையாக இருந்தவனாக எழுதினேன். இதை இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

உன் கல்யாணம் நினைவிருக்கிறதா? எனக்குப் பத்தொன்பது வயசு. லிஃப்ட் வேலை கற்றுக்கொண்டிருந்த பயிற்சி விடுதியிலிருந்து அன்று காலைதான் வந்தேன். எனக்கு நீ தைத்து வைத்திருந்த கோட் தோளிலிருந்து தொங்கியது. எல்லோரும், பையன் சைக்கிள் ரேஸுக்காக உடம்பை எப்படி வைத்திருக்கிறான் பார் என்றார்கள். நீ கல்யாணப் பெண், முழு அலங்காரத்தில் இருந்தாய். அப்படியே ஊசியும் நூலும் கேட்டு வாங்கி, என்னைத் திருப்பி நிற்க வைத்து, முதுகில் கோட்டைப் பிடித்துத் தைத்தாய். போட்டோவில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அந்தக் கோட்டுக்குள் பாதி ஆள்தான் இருந்தேன் என்று போட்டோவைப் பார்க்கிற யாருக்கும் தெரியாது.

ரேஸுக்காகத்தான் ஆரம்பித்தேன். முதலில் பாராட்டு, அது ருசியாக இருந்தது. பிறகு ரேஸ் மறந்துபோய், குறைவது மட்டும் மிஞ்சியது. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பேன், ஆனால் சாப்பிட மாட்டேன். நண்பர்கள் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பேன். எப்போதும் குளிரும். யாராவது கேட்டுவிட்டால் கோபம் மூக்குக்கு மேல் வரும், ஏனென்றால் அதை யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயம். அவள் கதவை அடைத்தாள் என்று எழுதினாயே, அந்தக் கதவு எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்யும்போது தலை சுற்றியது. பயிற்சியாளர் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டு, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வீட்டுக்கு மஞ்சள் காமாலை என்று எழுதினேன். நீ பத்தியச் சாப்பாட்டுக் குறிப்பு எழுதி அனுப்பினாய். நான் அதைப் படித்து அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான்.

வைத்தியம் நீண்ட நாள் நடந்தது. தேறி வருகிற சமயத்தில் ஒருநாள் பேன்ட் இடுப்பில் டைட்டாக இருந்தது. எனக்கு அப்படி ஒரு பயம், குளியலறையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே பக்கத்திலேயே தையல் கடை இருந்தது. அங்கே போனால் அளவெடுப்பார்கள், ஏதாவது சொல்வார்கள். அதனால் அந்தப் பேன்ட்டை உனக்குப் பார்சலில் அனுப்பினேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. பிரித்துவிட்டு, பாக்கெட்டில் ஒரு துண்டுத் தாளில், "நல்லா சாப்பிடுறே போல, சந்தோஷம்டா" என்று எழுதி அனுப்பியிருந்தாய்.

என் ஊரில் தையல்காரர் இல்லாமல் இல்லை அக்கா. வருஷா வருஷம் அந்தப் பார்சல் எதற்கு வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உன் கை அவ்வளவு சுத்தம், தொங்குகிற துணி உன் கண்ணில் பட்டால் அது தானாகவே நேராகிவிடும். அதனால்தான் அவள் எவ்வளவு இளைத்தாள் என்பது வெளியே தெரியவில்லை. நம் குடும்பத்தில் எனக்கு வந்தது, அவளுக்கும் வரலாம். நல்ல பிள்ளை, பிடிவாதக்காரி, பாராட்டுக்கு ஏங்குகிறவள், பந்தயத்தில் ஓடுகிறவள். நானும் இதெல்லாமாக இருந்தேன்.

அவளிடம் சாப்பாட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ பேச்செடுக்காதே. தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேள். கேட்டுவிட்டுக் காத்திரு. ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, ரொம்ப இளைத்த பிறகு போகலாம் என்று காத்திருக்காதே.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

எழுத உட்கார்ந்து எழுந்துபோய், மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று கடையை மத்தியானமே சாத்திவிட்டேன். அவள் ஸ்கர்ட் இஸ்திரிக்குக் கிடந்தது. அதை உள்பக்கமாகத் திருப்பி மேஜையில் விரித்தேன். மூன்று தையல், ஒன்றுக்குள் ஒன்றாக. மடித்துவிட்ட துணியை விரலால் எடுத்துப் பார்த்தேன், கை கொள்ளாமல் வந்தது. எத்தனையோ பேர் துணியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தே அவர்கள் கதையைச் சொல்கிற எனக்கு, என் கையால் தைத்த இதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. நீ குற்றம் சொல்லவில்லை என்கிறாய், எனக்கு அது போதாது, ஆனால் இப்போதைக்கு அதைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

பள்ளி விட்டு வந்தவளைக் கடைக்குள்ளேயே உட்காரச் சொன்னேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பட்டன் டப்பாவைக் கொட்டி இரண்டு பேரும் நிறம் பிரித்துக்கொண்டிருந்தோம். முகத்தைப் பார்த்துப் பேசினால் கத்துவாள், கைக்கு வேலை இருந்தால் பேசுவாள் என்று தோன்றியது. நீ சொன்னதைத்தான் கேட்டேன். "சந்தோஷமா இருக்கியாடி?" வெள்ளைப் பட்டனையெல்லாம் தனியாக வைத்து முடித்துவிட்டாள். அப்புறம் சொன்னாள்.

"முதல்ல நானாத்தான் நிறுத்தினேன்மா. இப்போ திரும்ப ஆரம்பிக்க முடியல."

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஸ்வெட்டருக்குள் அவள் எலும்பு என் கையில் பட்டது. அளவு நாடா பிடித்து மூன்று தடவை அளந்த கைதானே இது, அப்போது தெரியாமல் போய்விட்டது.

டாக்டரம்மாவைப் பார்த்தோம். ஆம்பளைப் பிள்ளையான உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன், மாதவிலக்கு நின்று பல மாதம் ஆகியிருக்கிறது. என்னிடம் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாடித் துடிப்பும் மெதுவாக இருக்கிறதாம். கொஞ்ச நாள் ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குத்தான் அதிகம் அழுதாள். வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார், மனநல ஆலோசகர் ஒருவரும் பார்க்கிறார், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கத் தனியாக ஒருவர். யார் தப்பு என்று தேட வேண்டாம் என்றார். "இன்னும் ஆறு மாசம் கழிச்சு வந்திருந்தா கஷ்டமாயிருக்கும், நல்ல நேரத்துல வந்தீங்க" என்று சொன்னபோது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் டிப்போவில் வைத்துவிட்டார். அவர் எடையை இனி அங்கேயே பார்த்துக்கொள்வாராம்.

இன்னும் ஒன்று. உன்னிடம் கேட்க எனக்குச் சங்கடம். அந்தப் பெயர் வேண்டாம். பிறந்த நாளிலிருந்து ஆசையாகத்தான் கூப்பிட்டாய், அவளுக்கும் தெரியும். ஆனால் வகுப்பில் யாருக்கோ அது தெரிந்து, அதை வைத்துக் கேலி செய்திருக்கிறார்கள்.

உனக்கு மஞ்சள் காமாலை என்று நம்பி நான் பத்தியக் குறிப்பு அனுப்பினேனே, நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. ஜாக்கெட்டை அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

ஜாக்கெட் இதோ வருகிறது. கூடவே ஒரு சட்டையும், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பார்சலில் இடம் இருந்தது.

அந்தப் பெயரை விட்டுவிட்டேன். கொஞ்சம் வலித்தது, உண்மை. இத்தனை வருஷம் வாயில் இருந்தது ஒரே நாளில் போகுமா? ஆனால் அவளுக்கு அது வலித்திருக்கிறது, எனக்கு அது போதும். இனி அவள் என் மருமகள், அவ்வளவுதான்.

இனி வரப்போவதைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. ஒரு வாரம் நன்றாகச் சாப்பிடுவாள், நீ துள்ளிக் குதிப்பாய், அடுத்த வாரம் தட்டைத் தள்ளிவிடுவாள். அன்றைக்கு எல்லாம் வீணாகப் போய்விட்டது என்று தோன்றும். போகாது. நல்லா சாப்பிட்டாய் என்று பாராட்டாதே, அழகாக இருக்கிறாய் என்றும் சொல்லாதே. கூட உட்கார்ந்து நீயும் சாப்பிடு. பஸ்ஸில் நடந்ததை அத்தான் சொல்லட்டும், அவர் கதையைக் கேட்டு எல்லோரும் சிரித்தால் போதும்.

நேற்று ஒரு கட்டிடத்தில் நான்கு பேர் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். வெளியே எடுக்கிற வரைக்கும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டே இருந்தேன். அவர்களுக்கு அதுதான் பெரிதாக இருந்ததாம். உன்னைத்தான் நினைத்தேன்.

தம்பி


செப்டம்பர் 21

தம்பிக்கு,

அடுத்த வருஷம் வர வேண்டிய உன் பார்சல் இப்போதே வந்துவிட்டது. இரண்டு பேன்ட். எனக்குச் சந்தோஷம்டா. இனி உன் தொப்பையைக் கிண்டல் செய்ய மாட்டேன், கையில் எடுக்கும்போதே மனம் இளகிவிடுகிறது. அத்தான் மட்டும் கிண்டல் செய்வார், அவரை என்னால் திருத்த முடியாது.

நீ சொன்னதுபோலத்தான் எல்லாம் நடந்தது. ஜூனில் இரண்டு வாரம் ரொம்ப மோசம், தட்டு பறந்தது, நானும் அழுதேன், அத்தானும் அழுதார். இன்னும் எல்லாம் சரியாகிவிடவில்லை, ஆலோசகரைப் பார்க்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் பழைய தோழிகள் இருவர் வர ஆரம்பித்திருக்கிறார்கள், மாடியில் மூவரும் போடுகிற சத்தத்தில் என் மிஷின் சத்தம் கேட்பதில்லை. போன மாதத்திலிருந்து மெதுவாக ஓட அனுமதித்திருக்கிறார்கள். கோச் அம்மா வீட்டுக்கே வந்து வருத்தப்பட்டார். இனி எந்தப் பிள்ளையிடமும் எடையைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தானின் பிறந்தநாளுக்குக் கேக் செய்தாள். தனக்கும் ஒரு துண்டு வைத்துக்கொண்டாள். முடிக்க ரொம்ப நேரம் பிடித்தது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அதாவது, பார்த்தோம், ஆனால் பார்க்காததுபோல டிப்போக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அத்தான் ஒரே கதையை இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

சொல்ல வந்தது இதுதான். நேற்று அவள் கடைக்கு வந்து மேஜைமேல் ஸ்கர்ட்டை வைத்தாள். என்னைப் பார்க்காமல், மிஷினைப் பார்த்துக்கொண்டு, "டைட்டா இருக்குமா" என்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. நீ குளியலறையில் உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. எனக்கு ஒரு பக்கம் ஆனந்தக் கூத்தாட வேண்டும்போல இருந்தது, ஆனால் அதைக் காட்டினால் அவள் ஓடிவிடுவாள். ஸ்கர்ட்டை வாங்கி உள்பக்கம் திருப்பி, கடைசியாகப் போட்ட தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். அவள் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்த நூலையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். மடிப்புக்குள் இருந்த துணி வெளுக்காமல் புதிதாக இருந்தது. அந்த மடிப்புத் தடத்தை விரலால் தடவிப் பார்த்து, இது வெளியே தெரியுமா என்று கேட்டாள். கொஞ்சம் தெரியும், நாலு தடவை துவைத்தால் போய்விடும் என்றேன்.

இஸ்திரி போடுகிற வரைக்கும் காத்திருந்தாள். வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"இன்னும் இருக்காம்மா உள்ளே?"

"இருக்கு. இன்னும் ரெண்டு தையல் இருக்கு, எப்போ வேணுமோ கொண்டா."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். தெருவில் இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வதைக் கடைக்குள்ளிருந்து பார்த்தேன்.

உன் பேன்ட் இரண்டையும் நாளை அனுப்புகிறேன்.

அக்கா